மணிமுத்தாறுக்கு யார் யார் வாராவ?

ரீபாவுக்கு ஒரு விடியற்காலை வேண்டியிருந்தது. பெரிய ஆசை ஒன்றுமில்லை. மணிமுத்தாறு அணைக்கரையில், பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் கொஞ்சம் பேரோடு, ஒரே ஒரு விடியற்காலை. மூன்று வருடமாக அதற்குத்தான் அலைந்துகொண்டிருந்தாள்.

பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் அவள் உயிரியல் ஆசிரியை. ஓவிய ஆசிரியை அக்தர் பானு மேலப்பாளையத்திலிருந்து வருகிறவள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்த பேச்சுதான் பிறகு சனிக்கிழமை வேலையாக வளர்ந்தது. விருப்பமுள்ள பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குறுக்குத்துறை ஆற்றங்கரைக்குப் போவார்கள். ரீபாவின் கூட்டம் டீ வடிகட்டியால் ஆற்றை அள்ளி, வெள்ளைத் தட்டில் கவிழ்த்து, தட்டானின் குஞ்சுப் பூச்சியைத் தேடும். பானுவின் கூட்டம் மருத மரத்து வேரைக் கரிக்கோலால் வரையும். கொஞ்ச நேரம் கழித்து இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். அறிவிப்புப் பலகையில் அதற்கு ‘அறிவியல் ஓவியக் களப்பயணம்’ என்று பெயர். பிள்ளைகள் ‘ஆத்து கிளாஸ்’ என்பார்கள்.

மணிமுத்தாறு மட்டும் கைக்கு வரவே இல்லை. முதல் வருடம் பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. அணையில் ஒரு நீர்க்காகம்கூட இல்லை. அருவிக்குக் குளிக்க வந்த கூட்டம்தான் இருந்தது. பிள்ளைகள் மிளகாய் பஜ்ஜிக் கடையை வரைந்துகொண்டு வந்தார்கள். அடுத்த வருடம் போகிற வழியிலேயே மழை பிடித்துக்கொண்டு பாதி வழியில் திரும்பினார்கள். அதற்கடுத்த வருடம் அம்மாக்கள் தனி வேன் பிடித்துப் பின்னாலேயே வந்துவிட்டார்கள். புளியோதரை, வடை, எண்ணெய்க் கிண்ணம், சீயக்காய். பறவை பார்க்க வந்த பிள்ளைகள் இலை போட்டுத் தண்ணீர் வைத்தார்கள்.

“நம்ம பிள்ளைக வருசா வருசம் நிழலே இல்லாத மலையத்தான் வரையுது” என்றாள் பானு. “பாக்கிறவன் இது மலையா, மணல் லாரி கொட்டின குவியலான்னு கேக்கான். விடியும்போது அங்கன இருந்தாத்தான் மலைக்கு நிழல் விழும். உன் பறவையும் அப்பதான் இருக்கும். ராத்தங்காம இதுக்கு வழியே கிடையாது.”

ராத்தங்கல். அங்கேதான் எல்லாம் முட்டியது.

இந்த முறை ரீபா இடத்தை முதலில் பிடித்தாள். அணைக்குப் பக்கத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் தியான இல்லம் ஒன்று உண்டு. சுற்றுச்சுவர், இரும்புக் கேட், ஆண் வாடையே கிடையாது. இதற்கு மேல் என்ன பயம் என்று நினைத்தாள். தலைமையாசிரியையும் சரி என்றார். மாதுரி, ஷமீம், முத்துமாலை ஆகிய மூன்று பேரையும் கட்டாயம் கூட்டிப்போக வேண்டும். மற்ற பிள்ளைகள் இவர்கள் பின்னால்தான் வரும். வாரக்கணக்கில் சாயங்காலம் சாயங்காலமாக வீடு ஏறினாள்.

மாதுரியின் அம்மா நாகலக்ஷ்மி வங்கியில் வேலை பார்க்கிறவர். மகாராஜ நகரில் வீடு. காபி கொடுத்தார், பயணத்தைப் பற்றி ஆர்வமாகக் கேட்டார், “எங்களுக்கெல்லாம் இப்படி ஒரு டீச்சர் கிடைக்கலையே” என்றார். கடைசியில், “யார் யார் வரா டீச்சர்? ஷமீம் வராளோ? அவ வந்தான்னா இவளும் பேஷா வரட்டும். தப்பா எடுத்துக்காதீங்கோ.”

மேலப்பாளையத்தில் ஷமீமின் அம்மா, ஷார்ஜாவிலிருந்து கணவர் அனுப்பிய குரல் செய்தியையே போட்டுக் காட்டினார். ‘டீச்சர் கூட்டிட்டுப் போனா தாராளமா போகட்டும்’ என்று அதில் இருந்தது. ரீபாவுக்கு மூச்சு வந்தது. பிறகு அந்த அம்மா, “முத்துமாலை வாராளா டீச்சர்? அவளும் இவளும் ஒண்ணாத்தானே திரியுதுக. அவ வந்தா எனக்கும் ஒரு நிம்மதி” என்றார்.

முத்துமாலையின் அம்மா பாளையங்கோட்டை மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருக்கிறார். முருங்கைக்காயைக் கட்டுப் போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

“போட்டும் டீச்சர், நல்ல விசயம்தான. யார் யார் வாராவ?”

இந்தக் கேள்வி ரீபாவின் காதில் விழுவது இது முதல்முறை இல்லை. உவரியில் பிறந்து, பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கித் தாவரவியல் படித்தவள் அவள். கல்லூரியில் மாஞ்சோலைக்கு ஒரு பயணம் போட்டார்கள். அவள் அப்பா இன்னாசி வலை காய்ந்துகொண்டிருந்த கரையில் நின்று, “யார் யார் வாராவ?” என்று கேட்டார். அதே ஊர்க்காரி ஒருத்தி வந்தால் அனுப்புவதாகச் சொன்னார். அந்தப் பெண்ணின் அப்பாவோ இன்னாசி அனுப்பினால் அனுப்புவேன் என்றார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், பஸ் போய்விட்டது. ரீபாவுக்கு மலையிலிருந்து ஒரு தோழி கொண்டுவந்து கொடுத்த பெரணி இலை மட்டும் மிஞ்சியது. அதைத் தாளில் ஒட்டி, ‘சேகரித்த இடம்: மாஞ்சோலை’ என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்கினாள்.

இந்தப் பக்கத்தில் யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை. சொன்னால் வாதாடலாம், கெஞ்சலாம், கோபித்துக்கொள்ளலாம். இது அப்படி இல்லை. சரிதான் என்று சொல்லி, அந்தச் சரியை அடுத்த வீட்டுச் சரியோடு முடிச்சுப் போட்டுவிடுவார்கள். அடுத்த வீட்டார் அதற்கடுத்த வீட்டோடு. கடைசி முடிச்சு எங்கே இருக்கிறது என்று தேடிப் போகிறவருக்குக் கால்தான் வலிக்கும்.

“ஷமீம் வாரா, மாதுரி வாரா” என்றாள் ரீபா.

“அது சரி. உங்க பிள்ள வருதுல்லா?”

கடைசி முடிச்சு அவள் வீட்டிலேயே கிடந்தது. மகள் ஆன்லின் அதே பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு. சனி, ஞாயிறு இரண்டு நாளும் இயற்பியல் டியூசன். அந்த ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட் வேறு. அவளை இந்தப் பயணத்தோடு சேர்த்து ரீபா நினைத்ததே இல்லை. ஆனால் கையில் முருங்கைக்கட்டோடு அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தபோது, வாரக்கணக்காக ஏறிய படிகள் எல்லாம் சேர்ந்து ரீபாவின் வாயைத் திறந்தன.

“வாராளே. வராம?”

“அப்ப என்ன, டீச்சர் பிள்ளையே வருது. கூட்டிட்டுப் போங்க” என்று அவர் ஒரு கட்டு முருங்கைக்காயையும் பையில் திணித்துவிட்டார்.

ரீபா வீட்டுக்கு வந்து சேருமுன் செய்தி வந்து சேர்ந்திருந்தது. அம்மாக்களின் வாட்ஸப் குழுவில் முத்துமாலையின் அம்மா குரல் செய்தி போட, ஷமீம் அதை ஆன்லினுக்கு அனுப்பியிருந்தாள். ஆன்லின் வாசலிலேயே நின்றாள்.

“நான் மணிமுத்தாறு வாறேனாமே. எனக்கே இப்பதான் தெரியும்.”

“ஏட்டி, உள்ள வா, சொல்லுதேன்.”

“என்னத்தச் சொல்லப் போற? மூணு வருசமா கிளாஸ் கிளாஸாப் போய் யார் வாரா யார் வாரான்னு கேட்ட. வீட்ல வச்சு என்னைய ஒரு தடவ கேட்டியா?”

“உனக்கு டியூசன் இருக்குல்லா. பூச்சின்னா ஓடுவ. சரி, உனக்குப் பிடிக்காதுன்னு...”

“பிடிக்குமா பிடிக்காதான்னு கேட்டாத்தான தெரியும்? இப்பமும் நீ கேக்கல. சொல்லிட்டு வந்திருக்க.”

தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை முடித்து வந்த கணவன் கிளமென்ட், சட்டையைக் கழற்றுமுன் வழக்கு முழுவதையும் கேட்டுக்கொண்டான். அவன் அதிகம் பேசுகிறவன் அல்ல.

“ஞாயித்துக்கிழம டெஸ்ட்டு. அடுத்த வருசம் பிளஸ் டூ. அவ எங்கயும் போகல” என்றான். பிறகு, “ஊர்ல உள்ளவங்கள்ட்ட எல்லாம் பிள்ளைய அனுப்பு அனுப்புன்னு நடந்தியே. நம்ம பிள்ளைன்னதும் உனக்கே தோணலயே, ரீபா. அவங்களுக்கு மட்டும் எப்படித் தோணும்?”

பதில் சொல்ல முடியாதபடி பேசுவது அவனுக்குச் சில நாள் மட்டும் வாய்க்கும். ரீபா முருங்கைக்காயை நறுக்கினாள். அளவே இல்லாமல் சின்னச் சின்னதாக நறுக்கிவிட்டாள். குழம்பு முழுக்க நாராக இருந்தது. 

மறுநாள் அம்மாக்களிடம் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். அதற்குள் பிள்ளைகள் துணிமணி எடுத்து வைத்துவிட்டதாகவும், மாதுரி புது வண்ணப்பெட்டி வாங்கியதாகவும் தெரிந்தது. சரி, கிளம்புகிற வேகத்தில் யார் கவனிக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

கவனித்தார்கள். சனிக்கிழமை காலையில் பள்ளி வாசலில் வேன் நின்றது. ஓட்டுநர் தேவசிகாமணி டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொண்டார்கள். பானு வரைபலகைகளை எண்ணி ஏற்றினாள். நாகலக்ஷ்மி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “ஆன்லின் எங்க டீச்சர்? உள்ள உக்காந்துட்டாளா?” என்றார்.

இப்போதும் ஒரு பொய் சொல்லலாம். வழியில் ஏறிக்கொள்வாள் என்று சொல்லலாம்.

“அவ வரல” என்றாள் ரீபா. “டெஸ்ட் இருக்கு. நான் அவளைக் கேக்காமலே சொல்லிட்டேன். தப்புதான்.”

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். முத்துமாலையின் அம்மா பைய வந்து மகள் தோளிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். “இன்னொரு நாள் போவலாம் டீச்சர். இப்ப என்ன?” என்றார் சமாதானமாக. ஷமீமின் அம்மா அதைப் பார்த்தார், “முத்துமாலை போகலைன்னா...” என்று இழுத்தார். நாகலக்ஷ்மி ஷமீமின் அம்மாவைப் பார்த்தார். போட்ட முடிச்சு எல்லாம் வந்த வழியே ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. வேனுக்குள் ஜன்னல் சீட்டுச் சண்டை நின்றுவிட்டது.

“சவம், இன்னும் ஒரு வருசத்துக்கு நிழலில்லா மலைதான்” என்று பானு பலகைகளைக் கீழே வைத்தாள்.

“டீச்சர், வண்டிய எடுக்கவா, இல்ல நான் டீ குடிச்சிட்டு வரட்டுமா?” என்றார் தேவசிகாமணி.

“கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி.” எதற்குப் பொறுக்கச் சொல்கிறோம் என்று ரீபாவுக்கே தெரியவில்லை.

அப்போது ஷமீம் வேனின் பின் சீட்டில் குனிந்து போனில் யாரிடமோ தாழ்ந்த குரலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். “நீ வரலைன்னா ஒருத்தியும் வரலட்டி! எங்க உம்மா பையை இறக்கச் சொல்லுதாவ!” என்று கேட்டது.

தேவசிகாமணி உண்மையிலேயே டீ குடித்துவிட்டு வந்தபோது ஆன்லினின் சைக்கிள் வந்தது. முதுகில் டியூசன் பை. மாற்றுத் துணி கிடையாது. சைக்கிளைப் பள்ளிக்குள் தள்ளி நிறுத்திவிட்டு, அம்மாவைப் பார்க்காமல் நேரே முத்துமாலையின் அம்மாவிடம் போனாள்.

“சித்தி, நானும் வாரேன். பையைக் குடுங்க.”

அவர் பையைக் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான். ரீபா வாரக்கணக்கில் பேசியதற்கு மேல் அந்த ஒரு வரி வேலை செய்தது.

“பிள்ளைகளா, ஏதா இருந்தாலும் ஆன்லின் நம்பருக்குத்தான் அடிப்போம்” என்று ஷமீமின் அம்மா ஜன்னல் வழியாகச் சொன்னார். மற்ற அம்மாக்களும் ஆமாம் என்றார்கள். ரீபாவின் நம்பரை யாரும் கேட்கவில்லை.

வேன் முக்கூடலைத் தாண்டும்போது ரீபா கணவனை அழைத்தாள். அவன் முழுவதையும் கேட்டுவிட்டு, “அவளா வந்தாளா, நீ வரச் சொன்னியா?” என்றான்.

“அவளாத்தான்.”

“வந்து பேசிக்கிடுவோம்” என்று வைத்துவிட்டான். பேசிக்கொள்ள என்ன இருக்கிறது என்று அவள் முக்கூடலிலிருந்து கல்லிடைக்குறிச்சி வரை யோசித்தாள். ஆன்லின் முன் சீட்டில் தேவசிகாமணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வழி முழுக்க இயற்பியல் புத்தகத்தை மடியில் விரித்து வைத்திருந்தாள். பக்கம் திருப்பியதாகத் தெரியவில்லை.

தியான இல்லத்தில் சுவர் கனம். போனுக்கு ஒரு கோடு சிக்னல்கூடக் கிடைக்கவில்லை. சாயங்காலமே அது தெரிந்துபோனது. அணைக்குப் போகிற ரோட்டில் ஒரு சின்னப் பாலம் இருந்தது. அதன் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தால் மட்டும், அதுவும் ஆன்லினின் போனில் மட்டும் கிடைத்தது. அவள் அங்கே போய் ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லிவிட்டு வந்தாள். ஷமீமின் சுடிதாரைப் போட்டுக்கொண்டு, ஷமீமுக்கும் முத்துமாலைக்கும் நடுவில் படுத்துக்கொண்டாள்.

வெள்ளன, இருட்டு விலகுமுன் எழுந்து கரைக்கு நடந்தார்கள். அங்கே ஒன்றும் இல்லை. அணை இல்லை, மலை இல்லை. முன்னால் ஒரே வெள்ளையாகப் பனி.

“டீச்சர், ஒண்ணுமே தெரியல” என்றாள் மாதுரி.

“இதுக்கா டீச்சர் எழுப்புனீங்க?” என்றது இன்னொரு குரல்.

ரீபாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மூன்று வருடம் அலைந்து, பொய் சொல்லி, பெற்ற பிள்ளையோடு பேச்சு முறிந்து, கடைசியில் கொண்டுவந்து காட்டியது ஒரு வெள்ளைத் துணி. பானு தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்து, “சும்மா இருங்கட்டி. காது இருக்குல்லா?” என்றாள்.

கேட்டது. தண்ணீரில் ஏதோ தொப்பென்று விழுந்தது. இறக்கை அடிக்கும் சத்தம் ஒன்று தலைக்கு மேல் போனது. பிறகு பனி அடியிலிருந்து கிழிந்தது. முதலில் தண்ணீர் ஒரு கீற்று, அதன் மேல் பட்டுப்போன மரங்களின் கிளைகள், கிளைகள் முழுக்கக் கறுப்பாய் நீர்க்காகங்கள். ஷமீம் எண்ண ஆரம்பித்தாள். மாதுரி எண்ணிக்கை தப்பு என்றாள். இரண்டு பேரும் குரலைத் தாழ்த்திச் சண்டை போட்டார்கள். ஒரு பாம்புத்தாரா கழுத்தை மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு போனது. வெயில் பின்னாலிருந்து மலையைத் தொட்டதும் ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு நிழல் விழுந்தது.

“டீச்சர், மலை பச்சையாவே இல்ல” என்றாள் முத்துமாலை, தூரிகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. “கத்திரிப்பூ கலர்ல இருக்கு. அப்படியே போடவா?”

“பின்ன? கண்ணுக்குத் தெரியுததைப் போடு” என்றாள் பானு.  

ஒருமுறைகூட ஒரு போனும் அடிக்கவில்லை என்பது ரீபாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆன்லினைத் தேடினாள். கரையில் இல்லை.

பாலத்துச் சுவரில், அணைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் புத்தகம், காதில் போன். “இருக்கா சித்தி... இல்ல, தண்ணிப் பக்கம் போகல... படம் வரையுதா... இட்லி சாப்புட்டாச்சு” என்றாள். இட்லி இன்னும் வரவில்லை. வைத்தாள், உடனே அடுத்தது அடித்தது. நாகலக்ஷ்மி. அதற்கும் அதே பதில், இட்லியோடு.

ரீபா பக்கத்தில் போய் நின்றாள்.

“எல்லாரும் வெள்ளனே முழிச்சிட்டாவளா?”

“தூங்குனாத்தான முழிக்க?”

“கொஞ்சம் கீழ வா ஆன்லின். வெயில் ஏறிட்டா போயிரும். ஒரு நிமிசம் பாத்துட்டு வா.”

“கீழ இறங்குனா சிக்னல் போயிரும். ஒருத்தங்களுக்கு லைன் கிடைக்கலைன்னா இன்னொருத்தங்களுக்கு அடிப்பாங்க. பொறவு எல்லாருமா வண்டி பிடிச்சு, புளியோதரையோட வந்து நிப்பாங்க.” புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “நீ போம்மா. உன் சோலியப் பாரு.”

ரீபா போகவில்லை. அங்கிருந்து பார்த்தால் கரையில் குனிந்த தலைகள் தெரிந்தன. ஒரு தலைகூட நிமிரவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது இதுதான், கிடைத்துவிட்டது. அவள் பிள்ளை மட்டும் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. திரும்பி ஒருமுறை பார் என்று சொல்ல வாய் வந்தது. அதையும் கேட்காமல் சொல்வதாகிவிடும் என்று பட்டது.

“டெஸ்ட் எல்லாம் முடியட்டும்” என்றாள். “பொறவு இன்னொரு தடவ வரலாமா? உனக்கு இஷ்டம்னாத்தான். கேக்கத்தான் செய்யுதேன்.”

ஆன்லின் முதல்முறையாக அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

“யார் யார் வாராவ?” என்றாள்.

கேலியா, கேள்வியா என்று ரீபாவுக்குப் பிடிபடவில்லை. நீயும் நானும்தான் என்று சொல்லத் தொடங்குமுன் போன் அடித்தது. முத்துமாலையின் அம்மா.

“ஆமா சித்தி, இருக்கா. நல்லா இருக்கா. கத்திரிப்பூ கலர்ல மலை வரையுதாளாம்” என்றாள் ஆன்லின். அது இங்கே எப்படிக் கேட்டது என்று ரீபா நினைத்தாள். “ஆமா, எங்கம்மாவும் இங்கனதான் இருக்காங்க.”

கீழே மாதுரி கையை ஆட்டிக் கூப்பிட்டாள். ரீபா இறங்கிப் போய்ச் சேர்வதற்குள் நீர்க்காகங்கள் கிளையை விட்டு எழுந்துவிட்டன. மலை மெல்ல வெளுக்க ஆரம்பித்திருந்தது.